பாராட்டுக்குள் ஒளிந்திருக்கும் "என்றாலும்"

"முகாமில் வளர்ந்த பிள்ளை என்றாலும் என்ன துப்பரவு!"
"இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்றாலும் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள்."
"ஆண் துணையில்லாத வீடு என்றாலும் தோட்டம் நன்றாக இருக்கிறது."

இத்தகைய பாராட்டுகளை நம்மிற் பலர் கேட்டிருப்போம். சொல்பவரின் முகத்தில் சிரிப்பு இருக்கும். கேட்பவரின் மனதிலோ முள் தைக்கும். கோபிக்கவும் முடியாது, மகிழவும் முடியாது. இது ஏன் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஒரு கூற்று, இரண்டு செய்திகள்

முதலாவது கூற்றைப் பாருங்கள். இந்தப் பிள்ளை துப்பரவானது என்பது வாயாற் சொன்ன செய்தி. முகாம்பிள்ளைகள் துப்பரவற்றவர்கள் என்பது சொல்லாமற் சொன்ன செய்தி. ஒரு பிள்ளையை உயர்த்துவதற்காக மற்ற எல்லாப் பிள்ளைகளும் தாழ்த்தப்படுகின்றனர்.

வஞ்சப்புகழ்ச்சியில் பேசுபவர் தெரிந்தே பழிக்கிறார். இங்கே பெரும்பாலும் பேசுபவருக்கே அது தெரிவதில்லை. அமெரிக்க உளவியலாளர் டெரால்ட் விங் சூவும் அவருடன் பணியாற்றியோரும் 2007இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆசிய வம்சத்தவரிடம், "நீங்கள் நன்றாக ஆங்கிலம் பேசுகிறீர்கள்" என்கிறார்கள். "நீங்கள் வெளிநாட்டவர்" என்பதே அவர்கள் காதில் விழுகிறது.

2. எல்லாமே தப்பெண்ணமா?

இல்லை. வாய் தவறி வரும் சொல்லும் உண்டு. ஒரு சொல்லை வைத்து ஒருவரின் மனதை அளந்துவிட முடியாது. இரண்டு விடயங்களைக் கவனிப்போம்.

முதலாவது, கடனை ஒழுங்காகக் கட்டும் ஊரவரைப் பற்றியும் அவர் இதே வியப்புடன் பேசுவாரா? ஊரவர் கட்டுவது இயல்பு, நாம் கட்டுவது அதிசயம் என்றால், நம்மிடம் அவர் எதிர்பார்த்தது வேறு.

இரண்டாவது, பாராட்டிய பின் அவர் செய்வது என்ன? சங்க நிர்வாகத் தெரிவிலும் கூலி பேசும்போதும் குளத்து நீர் பங்கிடும்போதும் அது தெரியவரும்.

3. "நல்ல உழைப்பாளிகள்"

"என்றாலும்" இல்லாமலும் இத்தகைய பாராட்டு வரலாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1977 வன்செயல்களின்போது தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் வந்து குடியேறின. அவர்கள் காடு வெட்டினார்கள், பிறருடைய வயல்களிற் கூலிக்கு நின்றார்கள். "நல்ல உழைப்பாளிகள்" என்ற பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ பலருக்கு நீண்டகாலம் கிடைக்கவில்லை.

உழைப்பைப் புகழ்வது நல்லதுதான். ஆனால் "இவர்கள் உழைக்கப் பிறந்தவர்கள்" என்ற எண்ணம் அதற்குள் இருந்தால், அவர்களைக் காணிச் சொந்தக்காரராக எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. குறைந்த கூலியும் நியாயமாகத் தோன்றிவிடும். இழிசொல்லை எதிர்த்துப் பேசலாம். புகழ்ச்சியை எதிர்த்துப் பேசுவது கடினம். ஆகவேதான் இது நெடுங்காலம் நிலைத்துவிடுகிறது.

4. நாம் செய்யக்கூடியவை

- சண்டை வேண்டாம். "நன்றி. எங்கள் முகாமில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் துப்பரவானவர்கள்தான்" என்று அமைதியாகச் சொல்லலாம். சொன்னவர் நல்லெண்ணமுள்ளவராயின் சிந்திப்பார்.
- பாராட்டு மட்டும் போதாதவிடத்து உரிமையைக் கேட்போம். "நல்ல உழைப்பாளிகள் என்கிறீர்கள், கூலியையும் அதற்கேற்பத் தாருங்கள்" என்பது நியாயமான பேச்சு.
- பிறரைப் பாராட்டும்போது "என்றாலும்" என்பதை விட்டுவிடுவோம். "தோட்டம் நன்றாக இருக்கிறது" என்பதே போதும். வேறு மதத்தவர், வேறு சாதியினர், நமக்குப் பின் வந்து குடியேறியவர் ஆகியோரைப் பற்றிப் பேசும்போது இதை விசேடமாக நினைவிற் கொள்வோம்.

குழுவிற் கலந்துரையாட

1. உங்களைப் புண்படுத்திய பாராட்டு ஒன்றைக் கூறுங்கள். அதிற் சொல்லாமற் சொன்ன செய்தி என்ன?
2. நமது கிராமத்தில் யாரைப் பற்றி "என்றாலும்" என்று பேசுகிறோம்?
3. நமது சங்கத்தில் உழைப்புக்காகப் பாராட்டப்படுவோர் யார்? தீர்மானம் எடுக்கும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்களா?