உருகுமுன் அளப்பது எப்படி?

தீக்குச்சியைக் காட்டினால் பற்றி எரியும் பனிக்கட்டி ஒன்று கடலடியில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அதன் பெயர் வாயு ஐதரேற்று. நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் சேர்ந்து சிறு கூடுகளை அமைக்க, அவற்றுள் மெதேன் மூலக்கூறுகள் அடைபட்டிருக்கும். அமுக்கம் உயர்ந்தும் வெப்பநிலை தாழ்ந்தும் உள்ள இடத்தில்தான் இத்திண்மம் நிலைக்கும். ஒரு கனமீற்றர் ஐதரேற்று சிதைந்தால், நியம நிலைமைகளில் ஏறத்தாழ 164 கனமீற்றர் மெதேன் வெளிவரும். எரிபொருள் தேடும் நாடுகள் இதில் கண் வைத்திருப்பது அதனால்தான்.

ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று அறிவது எளிதல்ல. கடலடி அடையலைத் துளையிட்டு நீண்ட உருளையாக மேலே எடுக்கும்போதே அமுக்கம் குறைகிறது; வெப்பநிலை ஏறுகிறது. கப்பலுக்கு வந்து சேர்வதற்குள் ஐதரேற்றின் பெரும்பகுதி வாயுவாகவும் நீராகவும் பிரிந்துவிடலாம். மறைந்துபோகும் பொருளை விஞ்ஞானிகள் எப்படி அளக்கிறார்கள் என்பதை நமது உயர்தரப் பாடங்களோடு சேர்த்துப் பார்ப்போம்.

முதலாவது, குளிரைத் தேடுதல். ஐதரேற்று சிதைவது அகவெப்பத் தாக்கம். எனவே அது இருந்த இடம் சுற்றியுள்ள சேற்றைவிடக் குளிர்ந்திருக்கும். 2002இல் அமெரிக்காவின் ஒரிகன் கரைக்கு அப்பால் நடந்த ஆய்வுப் பயணத்தில், மேலே வந்த உருளைகளைச் செந்நிறக்கீழ்க் கதிர்க் கமெராவால் படம்பிடித்து, குளிர்ந்த பகுதிகளை அடையாளம் கண்டார்கள். அப்படிக் கண்ட துண்டுகளை உடனே வெட்டி, −196 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவ நைதரசனில் இட்டால் சிதைவு தடைப்படும்.

இரண்டாவது, உப்பைப் பார்த்தல். ஐதரேற்றுக் கூடுகள் உப்பு அயன்களை உள்ளே ஏற்பதில்லை. அது சிதையும்போது நன்னீரே வெளிவந்து, சேற்றிலுள்ள உவர்நீரை ஐதாக்கும். பிழிந்தெடுத்த நீரில் குளோரைட்டுச் செறிவு எவ்வளவு குறைந்துள்ளது என்று அளந்தால், இருந்த ஐதரேற்றின் அளவைக் கணிக்கலாம்.

மூன்றாவது, அமுக்கத்தை இழக்காமல் எடுத்தல். இதற்கான குழாய் கடலடியிலேயே இறுக மூடிக்கொள்ளும். அமுக்கம் குறையாதபடி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து உள்ளமைப்பைப் பார்ப்பார்கள். பின்னர் வாயுவை மெல்ல மெல்ல வெளியேற்றி அதன் கனவளவை அளப்பார்கள்.

ஒரே இடத்தை இருவேறு முறைகளால் அளந்தபோது என்ன நடந்தது என்பதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. 2006இல் இந்தியாவின் தேசிய வாயு ஐதரேற்றுத் திட்டத்துக்காக ‘ஜோய்டிஸ் ரெசொலூஷன்’ என்ற கப்பல் வங்காள விரிகுடாவின் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் துளையிட்டது. அங்கே பத்தாம் இலக்க இடத்தில் வளமான ஐதரேற்றுப் படிவு கிடைத்தது. உவர்நீர் மின்னைக் கடத்தும், ஐதரேற்று கடத்தாது. ஆகவே துளைக்குள் மின்தடைத்திறனை அளந்து கணக்கிட்டார்கள். அடையற் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள வெளியில் 50 சதவீதத்துக்கு மேல், சில ஆழங்களில் 80 சதவீதம் வரை ஐதரேற்று இருப்பதாக விடை வந்தது. அருகிலுள்ள துளைகளில் அமுக்கம் இழக்காமல் எடுத்த மாதிரிகளோ 26 சதவீதத்துக்கும் குறைவாகவே காட்டின.

மின்கருவி பழுதாகவில்லை. தடைத்திறன் எல்லாத் திசைகளிலும் ஒன்றே என்ற எடுகோள்தான் அங்கே பொருந்தவில்லை. ஐதரேற்று களிமண்ணின் செங்குத்தான வெடிப்புகளில் சுவர்கள்போல நின்றது. பக்கவாட்டில் பாய்ந்த மின்னோட்டத்தை அச்சுவர்கள் மறித்ததால் தடை மிகையாகத் தெரிந்தது. இடத்துக்கிடம் உள்ள வேறுபாடும் ஓரளவு காரணமாகலாம்.

முதல் விடையை மட்டும் நம்பியிருந்தால், இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு வாயு இருப்பதாகத் திட்டம் போட்டிருப்பார்கள். மெதேன் வலிமையான பச்சைவீட்டு வாயுவும்கூட. அதனால் இந்தத் தவறு பணத்தோடு மட்டும் நிற்பதில்லை.

“கடலுக்கடியில் இத்தனை ஆண்டுகளுக்குப் போதுமான எரிவாயு” என்று பத்திரிகையில் வாசிக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்த எண்ணை எந்த முறையால் பெற்றார்கள்? வேறொரு முறையாலும் சரிபார்த்தார்களா? செய்முறைப் பரீட்சைக்காக ‘எடுகோள்கள்’ என்ற தலைப்பின் கீழ் நாம் மனப்பாடம் செய்யும் இரண்டு வரிகளின் பெறுமதி எனக்குப் புரிந்தது இந்தப் பத்தாம் இலக்க இடத்தைப் பற்றி வாசித்த பிறகுதான்.