எதனால் திறப்பது? – ஒரு பெட்டியின் வினா இலக்கணம்

வினாவும் விடையும் வழுவின்றி அமைதல் வேண்டும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் காட்டும் நெறி. நன்னூலார் வினாவினை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகைப்படுத்துவர். மாந்தர் மாந்தரை வினவுதற்கு வகுத்த இவ்விலக்கணம், பொறி மாந்தரை வினவும் இக்காலத்திற்கும் பொருந்துமா? கணிப்பொறித் திரையில் தோன்றும் சிறு பெட்டியொன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம். ‘இக்கோப்பை எந்த மென்பொருளால் திறக்க விரும்புகிறீர்கள்?’ என வினவும் பெட்டியே அது.

இவ்வினா ஏன் எழுகிறது? 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறி, ஒவ்வொரு கோப்புடனும் அதன் வகையையும் அதனை ஆக்கிய மென்பொருளையும் குறிக்கும் நான்கெழுத்துக் குறியீடுகள் இரண்டினைச் சேர்த்து வைத்தது. விண்டோஸ் சென்ற வழி வேறு. கோப்புப் பெயரின் இறுதியில், புள்ளிக்குப் பின் நிற்கும் ஒட்டே அங்கு வகையை உணர்த்தும். நம் மரபில் அதனை விகுதி எனலாம். விகுதிக்குரிய மென்பொருள் இன்னதெனக் கணிப்பொறி அறியாதபோது பெட்டி தோன்றுகிறது.

விண்டோஸ் 95இன் பெட்டி, பதிவாகியிருந்த மென்பொருள்களை ஒரே பட்டியலாக அடுக்கிக் காட்டிற்று. அக்கோப்பைத் திறக்க வல்லது எது, மாட்டாதது எது என்னும் பாகுபாடு அதில் இல்லை. 2001இல் வந்த எக்ஸ்பி, பரிந்துரைக்கப்படுவன, பிற என இரண்டாகப் பிரித்தது. வளர்ச்சிதான், ஆயினும் வினா மாறவில்லை.

இவ்வினா அறியாவினா. அறியாதவன் அறிந்தவனை வினவுதலே அதன் முறை. மாணாக்கன் ஆசிரியரை வினவுவது போல. இங்கோ பொறி, தான் அறியாததைத் தன்னினும் அறியாதாரிடம் வினவுகிறது. இதனால் விளையும் இடர் சிறிதன்று. சீறாப்புராணத்தின் மானுக்குப் பிணை நின்ற படலத்தை ஆய்ந்துவந்த மாணவி ஒருவர், தம் இயலைத் திறக்க முயன்றபோது இப்பெட்டி எதிர்ப்பட்டது. பட்டியலில் தமக்குப் பழகிய எளிய உரையெழுதி ஒன்றைத் தேர்ந்தார். கீழே ‘எப்போதும்’ என்றிருந்த சிறு கட்டத்தை அவர் கவனிக்கவில்லை. திரை நிறையப் பொருளற்ற குறிகள். அன்றுமுதல் அவர்தம் எல்லா இயல்களும் அவ்வாறே தோன்றின. ஆய்வேடு அழிந்தது என்றே எண்ணிக் கையெழுத்துப் படியினின்றும் மீண்டும் தட்டச்சிடத் தொடங்கிவிட்டார். உண்மையில் ஓரெழுத்தும் அழியவில்லை. ஆனால் அக்குறிகளுக்கு இடையே ஏதேனும் தட்டிச் சேமித்திருந்தால் கோப்பு மெய்யாகவே சிதைந்திருக்கும். திறத்தலால் கேடில்லை, சேமித்தலால் உண்டு. இதனை எந்தப் பெட்டியும் அவருக்குச் சொல்லவில்லை.

பொறி முற்றிலும் அறியாததும் அன்று. பெரும்பாலான கோப்புகள் தம் முதற் சில எழுத்துகளிலேயே தம்மைக் காட்டிக்கொள்வன. பி.டி.எஃப். கோப்பு விழுக்காட்டுக் குறியோடு தன் பெயரையே முதலில் எழுதிக்கொண்டு தொடங்கும். ஜிப் கோப்பின் முதலில் ‘பி’, ‘கே’ என்னும் ஈரெழுத்துகள் நிற்கும்; அவை அம்முறையை வகுத்த ஃபில் காட்ஸின் பெயர் முதலெழுத்துகள். இன்றைய வேர்டு ஆவணமும் உள்ளே ஜிப் கட்டே ஆதலின் அதுவும் அவ்வாறே தொடங்கும். யுனிக்ஸில் ‘ஃபைல்’ என்னும் கட்டளை இவ்வாறு உள்ளே நோக்கி வகை கூறும். விகுதியை மட்டும் நம்புதல் தீங்கிற்கும் இடமாகும்: 2000ஆம் ஆண்டு மே மாதம் பரவிய ‘ஐ லவ் யூ’ நச்சுநிரல், மெய்விகுதி மறைந்து நிற்க, எளிய உரைக்கோப்புப் போலவே தோன்றி ஏமாற்றியது.

எனவே பெட்டி முதலில் உள்ளே நோக்கட்டும். அதன்பின் அது கேட்க வேண்டுவது ஐயவினா. பாம்போ கயிறோ என்பதுபோல் இரண்டு மூன்று விடைகளைத் தானே முன்வைத்துக் கேட்டல் வேண்டும். அவ்விடைகளும் மென்பொருட் பெயர்களாக மட்டும் நில்லாமல், பயனர் கருதும் வினைகளாக அமைதல் நன்று. ‘இஃது எழுத்தாவணி. படிக்கவா, திருத்தவா?’ என்றால் விடையிறுக்க இயலாதார் யார்? மென்பொருளின் பெயர் அதனருகே சிற்றெழுத்தில் நிற்கலாம். முழுப் பட்டியலும் ‘பிற’ என்பதன் பின்னே இருக்கட்டும், வல்லார் தேடிக்கொள்வர்.

எஞ்சியது ‘எப்போதும்’ என்னும் கட்டம். ஏவல்வினாவில் வினவுவோன் ஏவுவான். இங்கோ விடை கூறுவோர் தம்மையறியாமலே பொறியை ஏவிவிடுகின்றனர். விண்டோஸ் 8இல் (2012) இக்கட்டத்தில் முன்னரே குறி இடப்பட்டிருந்தது. ஒருமுறைக்கு எனத் தேர்ந்ததே நிலையான ஆணையாயிற்று. விண்டோஸ் 10இல் (2015) அக்கட்டம் வெறுமையாக வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளோ ‘எப்போதும்’, ‘ஒருமுறை மட்டும்’ எனப் பொருள்படும் இரு பொத்தான்களாகவே பிரித்துக் காட்டின. பயனர் இரண்டனுள் ஒன்றை அறிந்தே அழுத்துவார் ஆதலின் இம்முறையே சிறந்தது என்பது எம் கருத்து. தமிழில் ஆக்குங்கால் ‘எப்போதும்’ என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. ‘இனி இவ்வகைக் கோப்புகள் எல்லாவற்றிற்கும்’ என எழுதி, அவ்வாணையை எங்குச் சென்று மாற்றலாம் என்பதையும் அதன் கீழ் ஒரு வரியில் குறித்துவிட வேண்டும். அம்மாணவி மூன்று நாள் தேடியது அந்த ஒரு வரியைத்தான்.