முகமறியாக் கொடை

நுழையும்முன்

கொடை என்றவுடன் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் நம் நினைவுக்கு வருவர். பொன்னும் பொருளும் இல்லாதவரும் தரத்தக்க கொடை ஒன்று உண்டு. அது நம் உடலில் ஓடும் குருதி. அதனைப் பற்றி மிகுதியாக அறிந்தவர்கள் மருத்துவமும் செவிலியமும் பயிலும் மாணவர்களே. ஆயினும் அறிந்தவர் அனைவரும் கொடுப்பவராகி விடுவதில்லை. ஏன்?

கடற்கரையின் வழக்கம்

குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்திற்கும் இடையே அமைந்த ஊர் இனயம். இக்கரையில் கடலோடிகளிடையே எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. கடலில் படகு ஒன்று தவிக்கிறது என்று தெரிந்தால், அது யாருடைய படகு என்று எவரும் முதலில் கேட்பதில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது, கரை திரும்பாதவர்களைத் தேடி இம்மாவட்டத்து மீனவர்கள் தம் சொந்தப் படகுகளிலேயே கடலுக்குள் சென்றனர்.

இத்தகைய ஊரில் பிறந்த பெண் ஒருத்தி செவிலியர் கல்லூரியில் சேர்கிறாள் என்று கொள்வோம். முதலாண்டிலேயே குருதிச் சுற்றோட்டத்தைப் படிக்கிறாள். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதி உண்டு. ஒரு முறை கொடுப்பது 350 மில்லி லிட்டர். இழந்த நீர்மம் ஓரிரு நாள்களிலும் சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் மீண்டும் உருவாகிவிடும். இவற்றைத் தேர்வில் பிழையின்றி எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறாள். கல்லூரியில் குருதிக்கொடை முகாம் என்று வீட்டில் சொல்கிறாள். “மக்ளே, ஒனக்கே ஒடம்புல ரெத்தம் இல்ல, நீ யாருக்குக் குடுக்கப் போற?” என்கிறார் தாய். மறுநாள் முகாமில் அவள் பெயர் இல்லை.

அறிவுக்கும் கைக்கும் இடையே

இத்தாயின் சொல்லை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. அதில் உண்மையும் கலந்திருப்பதைப் பின்னர்க் காண்போம். மாணவரைத் தடுப்பவை வேறு சிலவும் உள. பிறருக்கு ஊசி போடப் பழகும் கை, தனக்கு ஊசி என்றால் நடுங்குகிறது. இது நகைப்புக்குரியதன்று, மனித இயல்பே. தேர்வுக் காலம், விடுதி நேரம், வார்டுப் பணி என்பனவும் உண்டு.

இவற்றினும் ஆழமான தடை ஒன்று உண்டு. ‘என் வீட்டில் யாருக்காவது வேண்டும்போது கொடுப்பேன், இப்போது எதற்கு?’ என்னும் எண்ணமே அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வெண்ணம் மருத்துவமனையின் நடைமுறைக்கு முற்றிலும் முரணானது. நிறைமாதத்தில் தாயின் கருப்பைக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ அரை லிட்டர் குருதி பாய்கிறது. மகப்பேற்றுக்குப்பின் கருப்பை சுருங்காமல் குருதி பெருகத் தொடங்கினால், அவ்வுயிருக்கு எஞ்சியிருப்பது மிகக் குறுகிய நேரம். அப்போது உறவினர் ஓடிவந்து கையை நீட்டினாலும், அக்கையிலிருந்து எடுத்த குருதியை அப்படியே ஏற்ற இயலாது. வகை காண வேண்டும், எச்.ஐ.வி., இருவகைக் கல்லீரல் அழற்சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்தும் இல்லை எனச் சோதித்தறிய வேண்டும்; பெறுபவர் குருதியோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். எனவே அத்தாயைக் காப்பது, அன்று ஓடிவந்தவரின் குருதியன்று. சில நாள்களுக்கு முன் எவரோ ஒருவர் கொடுத்து, சோதனை முடிந்து, குளிர்பெட்டியில் காத்திருந்த குருதியே. கேட்டபின் கொடுப்பது பிற கொடைகளுக்குப் பொருந்தும். குருதியோ கேட்குமுன் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

விலைபோன குருதி

கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் குருதி வகைகளைப் பற்றிய தம் கண்டுபிடிப்பை 1901இல் வெளியிட்டார். அதற்கு முன்னர் ஒருவர் குருதியை மற்றொருவருக்குச் செலுத்துவது உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்தது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளே 2004 முதல் உலகக் குருதிக் கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. சிட்ரேட் உப்பைச் சேர்த்தால் குருதி உறையாது என்பது 1914, 1915ஆம் ஆண்டுகளில் நிறுவப்பட்டது. உறையாத குருதியைச் சேமிக்கலாம். சேமிக்கத்தக்க பொருளை விற்கவும் செய்யலாம். நம் நாட்டில் நெடுங்காலம் அது விற்கவும் பட்டது. பசிக்காகவும் கடனுக்காகவும் அடிக்கடி குருதி விற்றவர்கள் தம் நோயை மறைத்தனர். அவர்களைப் பழிப்பதற்கில்லை, வறுமை பேசவிடவில்லை. உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு சனவரியில் வழங்கிய தீர்ப்பினால், 1998 சனவரி முதல் குருதி விற்பனை நாடெங்கும் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. விற்போர் விலகிய இடத்தை நிரப்ப வேண்டியவர் யார்? உடல்நலமும் இளமையும் உடைய, தாமே விரும்பி வரும் கொடையாளரே.

ஒரு மாணவியின் ஆய்வு

குருதியின் தூய்மை குறித்த நம் விழிப்புணர்வில் தமிழகத்து மாணவி ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் தம் ஆய்வேட்டுக்காக எச்.ஐ.வி. கிருமியைத் தேடத் தொடங்கினார். ‘அந்நோய் இந்தியாவில் இல்லை’ என்று பலரும் நம்பிய காலம் அது. ஆய்வுக்கூட வசதி போதாமையால், திரட்டிய மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். சோதனைக் கருவி இருந்த வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றை எடுத்துச் சென்றார். 1986ஆம் ஆண்டு ஆறு மாதிரிகளில் நோய்க்கிருமித் தொற்று வெளிப்பட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக அறியப்பட்டது இவ்வாறே. ஒவ்வொரு குருதிப் பையையும் அக்கிருமிக்காகச் சோதிக்கும் நடைமுறை பின்னர் வந்தது.

சோதனை இருந்தும் தவறு நேர்ந்ததுண்டு. 2018ஆம் ஆண்டு இறுதியில் சாத்தூரில் கருவுற்ற பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுடைய குருதி செலுத்தப்பட்ட செய்தி தமிழகத்தையே உலுக்கியது. குருதி தந்த இளைஞருக்குத் தம் நோயே தெரியாது. வெளிநாடு செல்வதற்கான சோதனையில் அதனை அறிந்ததும், அவரே முன்வந்து மருத்துவமனைக்குத் தெரிவித்தார். அவர் சொல்லியிராவிட்டால் அப்பிழை எப்போது வெளிப்பட்டிருக்குமோ! தொற்று ஏற்பட்ட தொடக்க நாள்களில் எந்தச் சோதனையும் அதனைக் காட்டாமற் போகலாம். ஆகவே, முகாமில் தரப்படும் வினாத்தாளை வெறும் சடங்காகக் கருதி நிரப்புதல் பிழை. அண்மையில் பச்சை குத்திக்கொண்டதையோ காய்ச்சல் வந்ததையோ மறைக்காமல் எழுதுதல் வேண்டும். நெருக்கடியில் நிற்கும் உறவினர் உண்மையைச் சொல்லத் தயங்கலாம். எவரும் வற்புறுத்தாமல் வந்த மாணவருக்கு அத்தயக்கம் தேவையில்லை.

திருப்பி அனுப்பப்படுவோர்

குருதி கொடுக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையலாகாது. ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஹீமோகுளோபின் அளவு 12.5 கிராம் இருத்தல் வேண்டும். இனயத்துத் தாயின் சொல்லில் உண்மை உண்டு என்றோமே, அது இங்குதான் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். செவிலியர் கல்லூரிகளில் பயில்வோரில் மிகப் பலர் பெண்கள். விரல்நுனியில் எடுத்த ஒரு துளியைச் சோதித்து, ‘இப்போது வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பப்படும் மாணவி வெட்கத்தோடு ஒதுங்கி நிற்பதை எந்த முகாமிலும் காணலாம். காலையுணவைத் தவிர்த்து வகுப்புக்கு ஓடுவது அவளுடைய அன்றாட வழக்கமாக இருந்திருக்கும். தன் உடலைப் பற்றி அவள் முதன்முதலாக அறியும் செய்தியும் அன்று கிடைப்பதாகவே இருக்கலாம். கீரையும் மீனும் முருங்கையும் விளையும் மண்ணில் அவளுக்கு இரும்புச்சத்து ஏன் போதவில்லை என்று கேட்பதும் மருத்துவக் கல்வியின் பகுதியே. நாலைந்து மாதங்களில் அளவு உயர்ந்து அவள் மீண்டும் வந்து நிற்பாளாயின், அம்முகாம் இருமடங்கு பயன் தந்தது எனலாம்.

பையின் பயணம்

அவள் மீண்டும் வந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றோடு வரவில்லை; நன்றாக உண்டு, நீர் அருந்தி வந்தாள். குருதி எடுக்கப் பத்து நிமிடங்கூட ஆகவில்லை. அவளுடைய பையில் பெயர் இல்லை. ஓர் எண்ணும் குருதி வகையும் மட்டுமே உண்டு. அக்குருதி ஆய்வகத்தில் மூன்றாகப் பிரிகிறது. சிவப்பணுக்கள் 2 முதல் 6 பாகை வெப்பத்தில் ஐந்து வாரங்கள் இருக்கும். தட்டணுக்கள் ஓயாமல் அசைக்கப்பட்டு ஐந்தே நாள்கள் இருக்கும். டெங்குக் காய்ச்சலில் குருதிக்கசிவு கண்டவருக்கு அவை வேண்டியிருக்கும். பிளாஸ்மா உறைநிலையில் ஓராண்டுவரை காத்திருக்கும். ஒருத்தி கொடுத்தது மூவருக்குச் சென்றது. அவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவள் யாரென்று அவர்களுக்கும் தெரியாது.

சில நாள்களுக்குப்பின் அவள் இரவுப் பணியில் இருக்கிறாள். மகப்பேற்று வார்டில் ஒரு தாய்க்குக் குருதி ஏற்ற வேண்டும். குளிர்ந்த பை வந்து சேர்கிறது. எவருடையது என்று எழுதப்படாத அப்பையைக் கையில் ஏந்தி, எண்ணையும் வகையையும் ஒரு முறை படிக்கிறாள். மூத்த செவிலியர் மறுமுறை படிக்கிறார். இரண்டும் ஒத்திருக்கின்றன. கம்பத்தில் பையை மாட்டிவிட்டு, முதல் துளி இறங்குவதைப் பார்த்தபடி அத்தாயின் நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.