வீணைக்குப் புதுத் தந்தி

நன்கு விளைந்த பலாமரத்திற் கடைந்த வீணை, தக்கவாறு பேணப்படின், மூன்று தலைமுறை வாழும். பாட்டி மீட்டிய வீணையைப் பேர்த்தி மீட்டும் இல்லங்கள் தமிழகத்தில் பல உள. ஆண்டு முதிருந்தோறும் குடத்தின் ஒலி இனிமை பெறும் என்று வீணை வல்லார் கூறுவர். ஆயின், அவ்வீணையில் பூட்டிய தந்திகளோ அத்துணை நெடிது வாழ்வன அல்ல. நாள்தோறும் மீட்டப்படும் வீணையில் அவை சில திங்களிலேயே முதுமை எய்திவிடும். நெடுவாழ்வுடைய மரமும் குறுவாழ்வுடைய கம்பியும் கூடி ஒலிப்பதே வீணை. ஆதலின், தந்தி மாற்றுதல் வீணைப் பயிற்சியின் ஒரு கூறேயாகும். அது பிறர்க்குரிய தொழில் என்று பயில்வோர் ஒதுக்கிவிடுதல் ஆகாது.

தந்தி அறுந்த பின்னரே அதனை மாற்ற எண்ணுவோர் பலர். அறாத தந்தி நல்ல தந்தி என்பது அவர்தம் கருத்து. இது பெரும் பிழை. அறுந்த தந்தி தன் குற்றத்தைத் தானே வெளிப்படுத்திவிடும். அறாது கிடக்கும் பழந்தந்தியோ தன் குற்றத்தை மறைத்துக்கொண்டு நாள்தோறும் பொய்யொலி எழுப்பும். அதனைக் கேட்டுக் கேட்டுப் பயில்வோர் செவியும் அப்பொய்யொலிக்கே பழகிப்போகும். கம்பியை ஒரு நாழிகையில் மாற்றிவிடலாம். கெட்டுப்போன செவியை மாற்றுதற்கு ஆண்டுகள் பல வேண்டும்.

வீணையின் தந்திகள் ஏழு. அவற்றுள் நான்கு, 24 மெட்டுகளின்மேல் ஓடுவன. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்பன அவற்றின் பெயர்கள். முன்னைய இரண்டும் எஃகுக் கம்பிகள். பின்னைய இரண்டும் பித்தளைக் கம்பிகளாக இருத்தல் பழைய வழக்கு. எஃகின்மேல் மெல்லிய கம்பியைச் சுற்றிய தந்தியை அவ்விடத்துப் பூட்டுவோரும் இந்நாளில் உளர். எஞ்சிய மூன்றும் பக்கத்தே ஓடித் தாளத்திற்கும் சுருதிக்கும் துணைசெய்வன. அவை பக்க சாரணி, பக்க பஞ்சமம், ஹெச்சு சாரணி எனப்படும். மெட்டுகளின்மேல் ஓடும் தந்தி ஒவ்வொன்றும் குடத்தின் கோடியிலுள்ள நாகபாசத்தில் தொடங்கி, குதிரையின்மேல் ஏறி, தண்டியின் தலைப்பக்கத்து மேருவைக் கடந்து, தனக்குரிய பிருடையிற் சென்று சுற்றிக்கொள்ளும். நாகபாசத்திற்கும் தந்திக்கும் இடையே லங்கர் என்னும் உறுப்பு உண்டு. அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் சிறு வளையம், பிருடையால் திருத்த இயலாத நுண்ணிய சுருதி வேறுபாட்டைத் திருத்த உதவும்.

பண்டைத் தமிழர் யாழுக்குப் பூட்டியதனை நரம்பு என்றே வழங்கினர். விலங்கின் நரம்பை முறுக்கி இசைக்கருவிக்குப் பூட்டுதல் உலகின் பல நாடுகளில் இருந்த வழக்கமே. வடசொல்லாகிய தந்தி பின்னர் வந்து வழங்கியது. அச்சொல்லே கம்பிவழிச் செய்திக்கும் பெயராயிற்று. அச்செய்தித் தந்தி நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. வீணைத் தந்தி நிற்கவில்லை!

இனி, தந்தி முதுமை எய்துவது எங்ஙனம் என்பதனைக் காண்போம். கமகம் பிடிக்கும்போது விரல் தந்தியை மெட்டின்மேல் அழுத்திப் பக்கவாட்டில் இழுக்கின்றது. ஒரே இடத்தில் பல்லாயிரம் முறை இங்ஙனம் உராய்வதால் தந்தியின் அடிப்புறம் தேய்ந்து, ஆங்காங்கே நுண்ணிய பள்ளம் விழும். மிகுதியாகப் பயன்படுவது சாரணியாதலின் அதுவே முதலில் தேயும். விரல் வழுக்கிச் செல்லுதற்குத் தடவும் தேங்காயெண்ணெயும், வியர்வையும், தூசியும் கலந்து தந்தியின்மேல் படியும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுப் பட்டு எஃகு விரைவில் துருவேறும். இவற்றால் தந்தி ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் கனத்தும் போகின்றது.

இவ்வேறுபாடு ஒலியை எவ்வாறு கெடுக்கும்? அதிரும் தந்தியின் ஒலி அதன் நீளம், இழுப்பு, கனம் என்னும் மூன்றையும் பொறுத்தது. மெர்சென் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் 1636-ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைநூலில் இவ்விதிகளை எடுத்துரைத்தார். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரு மடங்காகும். நீளத்தை மாற்றாது அதே உயர்வைப் பெற விரும்பினால் இழுப்பை நான்கு மடங்காக்க வேண்டும். ஆயின், தந்தி முழுதும் ஒரே சீரான கனம் உடையதாயிருந்தாலன்றி இவ்விதி பொருந்தாது. சீர் கெட்ட தந்தியில் பாதி நீளம் பாதி நீளமாக ஒலிப்பதில்லை.

இதனை எளிதிற் சோதித்து அறியலாம். மேருவுக்கும் குதிரைக்கும் நடுவே நிற்பது 12-ஆம் மெட்டு. சாரணியை எம்மெட்டிலும் அழுத்தாது மீட்டினால் ஷட்ஜம் ஒலிக்கும். 12-ஆம் மெட்டில் அழுத்தி மீட்டினால் மேல் ஷட்ஜம் ஒலிக்கும். இவ்விரண்டும் தாயும் சேயும் போல ஒன்றியிருத்தல் வேண்டும். ஒன்றவில்லையாயின், குற்றம் தந்தியிலோ மெட்டிலோ உளது.

எதில் உளது என்று துணிவதிலேதான் பலர் இடறிவிடுகின்றனர். தஞ்சை வீணையின் 24 மெட்டுகளும் நிலையாக அமைக்கப்பட்டவை. இவ்வமைப்பு 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது என்பர். நிலையாக அமைந்தவை எனினும், மெட்டுகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல. தேன்மெழுகோடு கரித்தூள் கலந்த கரிய மெழுகில் அவை பதிந்து நிற்கின்றன. வெப்பம் காட்டினால் அவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் அமைக்கலாம். ஆகவே, சுரம் பொய்த்தவுடன் மெட்டுப் பெயர்ந்துவிட்டது என்று எண்ணி, மேளம் கட்டுவோரை அழைத்து மெட்டுகளைத் திருத்தச் சொல்வார் உளர். மேளம் கட்டுதலாவது மெட்டுகளைச் சுரத்திற்கேற்பப் பதித்தல். அத்தொழில் அறிந்தவர், முதலில் தந்தியை மாற்றிய பின்னரே மெழுகிற் கை வைப்பர். அறியாதவர் பழந்தந்தியின் பொய்யொலிக்கு ஏற்ப மெட்டுகளை நகர்த்திவிடுவர். பின்பு புதுத் தந்தி பூட்டும் நாளில் அத்தனை மெட்டுகளும் பொய்த்துவிடும். வளைந்த கோலைக் கொண்டு அளந்து வீடு கட்டியவன், நேர்கோல் கிடைத்தபின் சுவரையெல்லாம் இடித்தது போலாகும் இது.

மீட்டுவதற்கு முன்னரே நரம்பின் குற்றத்தை ஆராயும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை யாழ்ப்போர் புரிகின்றாள். யாழில் தன்னை வெல்பவனையே மணப்பதென்பது அவளது உறுதி. அவையிற் புகுந்த சீவகனிடம் யாழ்கள் கொணர்ந்து தரப்படுகின்றன. அவன் உடனே இசைக்கத் தொடங்கினான் அல்லன். மரத்தின் குற்றத்தையும் நரம்பின் குற்றத்தையும் எடுத்துரைத்து அவற்றை விலக்கினான். நரம்பின் முறுக்கைப் பிரித்து, உள்ளே கலந்திருந்த மயிரையும் அவையோர்க்குக் காட்டினான். கொடும்புரியும் தும்பும் மயிரும் மிகைமுறுக்கும் நரம்பின் குற்றங்கள் என உரையாசிரியர் வகுத்துரைப்பர். குற்றமற்ற யாழ் கைக்கு வந்த பின்னரே சீவகன் பாடி வென்றான். சிந்தாமணி பயில்வோர் பலர் அவன் பாடிய திறத்தையே வியப்பர். பாடுவதற்கு முன் அவன் காட்டிய பொறுமையும் அதற்குக் குறைந்ததன்று.

இனித் தந்தி மாற்றும் முறையை ஓர் இல்லத்து நிகழ்ச்சியால் அறிவோம். வீணை பயிலத் தொடங்கி ஓராண்டு கழிந்த சிறுமி ஒருத்திக்கு, மேல் மெட்டுகளில் சுரம் பொருந்தாமை சில நாளாகப் புலப்பட்டது. மேளம் கட்டுவோரை வரவழைக்க வேண்டும் என்று இல்லத்தார் பேசிக்கொண்டனர். அவள் பாட்டியார், “முதலில் தந்திகளை மாற்றிப் பார்ப்போம்” என்று கூறி, வீணையைப் பாயின்மேல் கிடத்தச் செய்தார்.

“பாட்டி, ஏழு தந்திகளையும் ஒருங்கே கழற்றிவிட்டால் துடைப்பதற்கு எளிதாகுமே!” என்றாள் சிறுமி.

“ஆகும், அம்மா. ஆனால் குதிரை எங்கே நிற்கும்?” என்று கேட்டார் பாட்டியார்.

சிறுமி குதிரையை உற்று நோக்கினாள். தந்திகள் கீழ்நோக்கி அழுத்தும் அழுத்தத்தாலேயே அது பலகையின்மேல் நிற்கின்றது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தந்திகளையெல்லாம் ஒருங்கே நெகிழ்த்தினால் குதிரை இடம் பெயரும். அது சிறிது பெயரினும் தந்தியின் நீளம் மாறிப்போகும்; எல்லா மெட்டுகளும் பிழைபடும். ஆகவே, ஒன்றைக் கழற்றி அதற்கு மாற்றுப் பூட்டிய பின்னரே மற்றொன்றைக் கழற்றல் வேண்டும். எஞ்சிய ஆறும் சுருதி மாறாது நின்று புதியதற்கு வழிகாட்டுவது இம்முறையின் மற்றொரு பயன்.

முதலிற் சாரணியின் பிருடையை மெல்லத் திருப்பித் தந்தியை முற்றும் தளர்த்தினர். இறுக்கமாயிருக்கும்போதே தந்தியை வெட்டிவிடுதல் கூடாது. வெட்டுண்ட கம்பி துள்ளி முகத்தில் அடித்தலும் கூடும். கழற்றிய கம்பியைச் சுருட்டி ஒருபுறம் வைத்தனர். பின்பு உலர்ந்த மெல்லிய துணியால் குதிரையின் உலோகத் தகட்டையும் மெட்டுகளையும் துடைத்தனர். மெழுகை மட்டும் அழுத்தித் தேய்க்கவில்லை. பிருடை வழுக்குவதாகத் தோன்றியதால் அதனை உருவி எடுத்து, துளையிற் படியும் இடத்தில் சிறிது சாக்குக்கட்டியைத் தடவிச் செருகினர். லங்கரின் வளையத்தை நடுவிடத்தில் நிறுத்தினர். பின்னர் ஏற்றவும் இறக்கவும் இடம் வேண்டுமன்றோ?

புதுக் கம்பி வாங்குங்கால் எண் பார்த்து வாங்குதல் வேண்டும். கம்பியின் எண் கூடக் கூடப் பருமன் குறையும். முன்பு பூட்டியிருந்த எண்ணையே மீண்டும் பூட்டுதல் நன்று. சுருளைப் பிரிக்கும்போது கம்பி மடங்கி முடிச்சுப் போல வளைந்துவிடாதவாறு காத்தல் இன்றியமையாதது. ஒருமுறை மடங்கிய எஃகு, நிமிர்த்திய பின்னும் அவ்விடத்தில் வலுவிழந்தே நிற்கும். பிற்காலத்தில் அங்கேயே அறும். கம்பியின் ஒரு முனையை வளைத்துச் சிறு கண்ணியாக்கி, முனையைக் கம்பியோடு சேர்த்து நெருக்கமாக ஆறேழு முறை முறுக்கினார் பாட்டியார். அம்முறுக்கு குதிரையை எட்டாது அதற்கு இப்பாலே முடிந்தது. குதிரையின்மேல் ஏறுமாயின் ஒலி மழுங்கிவிடும். கண்ணியை லங்கரில் மாட்டி, கம்பியைக் குதிரையின்மேலும் மெட்டுகளின்மேலும் செலுத்தி, மேருவின் பள்ளத்தில் படியச் செய்து, பிருடையின் துளையிற் கோத்தனர். சில சுற்றுக்குப் போதிய அளவு விட்டு எஞ்சியதை நறுக்கினர். ஒரு சுற்றின்மேல் மறுசுற்று ஏறாமல் அடுத்தடுத்துப் படியுமாறு சிறுமியே பிருடையைத் திருப்பினாள்.

கம்பி நிமிர்ந்ததும் அவள் விரைந்து முறுக்கத் தொடங்கினாள். பாட்டியார் அவள் கையைப் பற்றினார். “ஒலியைக் கேட்டுக்கொண்டே முறுக்கு. கை முந்தினால் கம்பி அறும்” என்றார்.

சாரணியும் பக்க சாரணியும் ஒரே ஷட்ஜத்தில் ஒலிக்கவேண்டியவை. ஆகவே பக்க சாரணியை ஒருகையால் மீட்டிக்கொண்டே சாரணியைச் சிறிது சிறிதாக ஏற்றினர். தொலைவில் நின்ற ஒலி நெருங்கி வந்தது. மிக நெருங்கியபோது, இரண்டும் கூடிய ஒலி பெருகியும் குன்றியும் அலைவது கேட்டது. ஒன்று நொடிக்கு 200 முறையும் மற்றொன்று 203 முறையும் அதிருமாயின், அவ்வலைவு நொடிக்கு 3 முறை நிகழும். வேறுபாடு குறையக் குறைய அலைவும் மெலிந்து நீளும். ஒன்றிவிட்டால் அலைவே இராது. செவியையன்றி வேறு கருவி எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. பிருடையால் கிட்டும் அளவுக்குக் கொணர்ந்து, லங்கரின் வளையத்தை மயிரிழையளவு நகர்த்தியவுடன் அலைவு அடங்கி, இரு தந்தியும் ஒரு தந்தியாய் ஒலித்தன. சிறுமி சிறிது நேரம் வாளா இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மற்றைத் தந்திகளையும் அன்று மாலைக்குள் ஒவ்வொன்றாக மாற்றினர். ஒன்றை ஏற்றும்போது மற்றவை சிறிது இறங்குவது இயல்பு. கூடுதலான இழுப்பைத் தண்டியும் பலகையும் தாங்கிச் சற்றே நெகிழ்தலே அதற்குக் காரணம். ஆதலால் இறுதியில் ஏழையும் மீண்டும் ஒருமுறை சுருதி கூட்டினர். மறுநாட் காலையில் எல்லாத் தந்தியும் இறங்கியிருந்தன. தான் செய்ததில் ஏதோ பிழை நேர்ந்தது என்று சிறுமி முகம் வாடினாள். புதுக் கம்பி நீண்டு அமைதற்குச் சில நாள் வேண்டும் என்று பாட்டியார் தெளிவித்தார். இரண்டாம் நாள் இறக்கம் குறைந்தது. நான்காம் நாள் தந்திகள் தம் நிலையில் நின்றன.

அன்று சிறுமி 12-ஆம் மெட்டில் சாரணியை அழுத்தி மீட்டினாள். மேல் ஷட்ஜம் கீழ் ஷட்ஜத்தோடு ஒன்றி ஒலித்தது. பொய்த்துவந்த மேல் மெட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். அவையும் பொருந்தின. பின்பு, சுருட்டி வைத்திருந்த பழைய சாரணியை எடுத்து நகத்தை அதன்மேல் மெல்ல ஓட்டினாள். மெட்டுகள் பட்ட இடங்களிலெல்லாம் நகம் சிறு பள்ளத்தில் இடறி இடறிச் சென்றது. மேளம் கட்டுவோரை அவ்வாண்டு அவ்வில்லத்தார் அழைக்கவேயில்லை.