மல்லாட்டைக் குருமாவுக்குப் பாலாடை எதற்கு?

நம்பிக்கை: குருமா கெட்டியாக, வழவழவென்று வர வேண்டுமானால் பாலாடை, தயிர், முந்திரி இவற்றில் ஒன்றாவது வேண்டும்.

ஓட்டல் சாப்பாடு நம் நாக்கில் ஏற்றிவிட்ட எண்ணம் இது. தென்பெண்ணைக் கரையில் இருக்கும் மணலூர்பேட்டையைச் சுற்றி மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் குருமாவுக்காக விலை கொடுத்து முந்திரி வாங்குவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நுண்ணிய கொழுப்புத் துளிகள் நீரில் பிரியாமல் பரவி நிற்பதுதான் வழவழப்பு. பாலில் அந்தத் துளிகளைப் புரதம் தாங்கிப் பிடிக்கிறது. மல்லாட்டையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். நைசாக அரைத்தாலே பாலாடையின் வேலையை அது செய்துவிடும்.

நான்கு பேருக்கு 100 கிராம் மல்லாட்டை போதும். வறுத்துத் தோல் நீக்கி, கொதிக்கும் நீரில் 15 நிமிடம் ஊற வையுங்கள். அதற்குள் கடலை எண்ணெயில் சோம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு சேர்த்து, கத்தரிக்காயோ உருளைக்கிழங்கோ போட்டு வேகவிடலாம். ஊறிய பருப்பை முதலில் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் மிக்ஸியில் திப்பி திப்பியாகத்தான் நிற்கும். விழுதானபின் தண்ணீர் விட்டு இன்னொரு சுற்று. காய் வெந்ததும் விழுதை ஊற்றிச் சிறுதீயில் 5 நிமிடம் கிளறுங்கள். கிளறாமல் விட்டால் அடிப்பிடிக்கும். ஆற ஆற இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்தான். பாலில்லாச் சமையலுக்கு நாழியாகும் என்ற பேச்சுக்கும் இதுவே பதில்.

நம்பிக்கை: தேங்காய்ப்பால் ஊற்றினால் திரிந்துவிடும்.

கொதிக்கவிட்டால் திரியும், உண்மை. சூட்டில் அதன் புரதம் இறுகி எண்ணெயை விட்டுவிடுகிறது. புளிப்பு கூடினாலும் அதேதான். திருநெல்வேலியில் கல்யாண மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைப்பவர்களிடம் இதற்கு வழி இருக்கிறது: இரண்டாம், மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிடுவார்கள். எலுமிச்சைச் சாறு அதற்கும் பிறகுதான்.

நம்பிக்கை: தேங்காயிலும் மல்லாட்டையிலும் கொலஸ்ட்ரால் இருக்கிறது.

கணக்கில் கொள்ளும் அளவுக்கு எந்தத் தாவர உணவிலும் அது இல்லை. ஆனால் தேங்காயின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்றது, ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றக்கூடியது. மல்லாட்டைக் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாதது. தினமும் செய்யும் வீட்டில் மல்லாட்டையே மேல் என்பேன்.

நம்பிக்கை: பால் தவிர்ப்பது மேல்நாட்டு மோகம்.

‘வீகன்’ என்ற பெயர் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் நண்பர்களும் வைத்தது. நல்லெண்ணெயில் தாளித்த நம் காரக்குழம்புக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டதே இல்லை.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உலவுகிறது. காய், பருப்பிலேயே எல்லாச் சத்தும் கிடைத்துவிடும் என்கிறார்கள். வைட்டமின் பி12 கிடைக்காது. பாலையும் முழுக்க விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். மல்லாட்டை ஒவ்வாதவர்களும் உண்டு. விருந்தாளிக்குப் பரிமாறுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: பூசணம் பிடித்த பருப்பும் வறுத்தால் சரியாகிவிடும்.

ஆகாது. அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. அடுப்புச் சூட்டில் அது முழுதாக அழியாது. கறுத்தது, சுருங்கியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள், ஆடு மாட்டுக்கும் போட வேண்டாம். தோலோடு வாங்குவதானால், குலுக்கிப் பார்த்து, உள்ளே பருப்பு கலகலக்கும் நன்கு காய்ந்த காயாக எடுங்கள்.