ஆறு முதல் எட்டு வரை: பிள்ளைக்குப் படிப்பில் பிடிப்பு வர 8 குறிப்புகள்

"பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது மயிலம், திண்டிவனம் பக்கத்து வீடுகளிலும் கேட்கிற பேச்சுதான். ஆனால் படிப்பில் ஆசை வருவதும் விட்டுப்போவதும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில்தான். பெற்றோர் கவனிக்க வேண்டிய வயது இது.

1. "பெரியவனாகி என்ன ஆகப்போற?" என்று நெருக்காதீர்கள். "இன்னிக்கு எந்தப் பாடம் பிடிச்சுது?" என்று கேளுங்கள். பதிலைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சில மாதங்களில் பிள்ளையின் நாட்டம் எந்தப் பக்கம் என்று புரியும்.

2. மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை எடை போடும்போது கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். கிலோ எவ்வளவு, விலை எவ்வளவு, கூலி போக மிச்சம் எவ்வளவு என்று அதுவே எழுதட்டும். பெருக்கலும் கழித்தலும் எதற்கு என்று அப்போது விளங்கும்.

3. டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் திண்டிவனம் எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் தந்தவை என்று சொல்லுங்கள். விஞ்ஞானி வேலை நம் ஊர்ப் பக்கமும் உண்டு என்று தெரியட்டும்.

4. டாக்டர், டீச்சர், போலீஸ் மட்டும் வேலை அல்ல. சர்வேயர், லேப் டெக்னீஷியன், மின்வாரிய ஊழியர் என்று எதிர்ப்படுகிறவர்களிடம், "என்ன படிச்சீங்க?" என்று மரியாதையாகக் கேட்கப் பழக்குங்கள்.

5. மயிலம் மலைக்கு முருகனைக் கும்பிடப் போனால், 1938 முதல் அங்கே இயங்கும் தமிழ்க் கல்லூரியையும் காட்டிவிட்டு வாருங்கள். கண்ணால் பார்த்த கல்லூரி எட்டாத இடமாகத் தோன்றாது.

6. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் ₹3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ₹12,000 கிடைக்கும். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

7. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. இடையில் பள்ளி மாற்றும் முன் இதை யோசியுங்கள்.

8. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பேசாதீர்கள். போன பரீட்சையைவிட எதில் தேறியிருக்கிறது என்று பார்த்து, அதை வாய்விட்டுப் பாராட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் வகுப்பாசிரியரைப் பாருங்கள். 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணுக்கும் பேசலாம். முதல் குறிப்பில் சொன்ன நோட்டை இன்று இரவே தொடங்கிவிடுங்கள்.