அச்சிட்டதெல்லாம் உண்மையா?

நுழையும்முன்

ஒரு செய்தித்தாள் குற்றமற்ற ஒருவரைக் குற்றவாளியாகக் காட்ட முடியுமா? மற்றொரு செய்தித்தாள் அவரை மீட்கத் துணைநிற்க முடியுமா? பிரான்சு நாட்டில் 1894ஆம் ஆண்டுக்கும் 1906ஆம் ஆண்டுக்கும் இடையில் இவ்விரண்டும் நிகழ்ந்தன. ஒரே மனிதரின் வாழ்வில் நிகழ்ந்தன. அவ்வரலாற்றைப் படிப்போம். படிக்கும்போது ஒரு வினாவை மனத்தில் வைத்துக்கொள்வோம்: 'இதற்குச் சான்று எங்கே?'

எளியோர் கைக்கு வந்த செய்தித்தாள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நாடுகளில் செய்தித்தாள் எளிய மக்களின் கைகளுக்கு வந்து சேர்ந்தது. தந்தி செய்தியை விரைந்து கொணர்ந்தது. அச்சுப்பொறி அதனைப் பல்லாயிரம் படிகளாக்கியது. தொடர்வண்டி அப்படிகளை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. பள்ளிக் கல்வி அவற்றைப் படிக்கும் ஆற்றலை மக்களுக்கு அளித்தது. பிரான்சில் 1881ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் பத்திரிகைகளுக்கு விரிந்த உரிமையை வழங்கியது.

'லெ பெத்தி ஜூர்னால்' என்னும் நாளிதழின் விலை 5 சாந்தீம். கூலித் தொழிலாளரும் வாங்கக்கூடிய சிறு தொகை அது. 1890ஆம் ஆண்டுகளில் அவ்விதழ் நாள்தோறும் ஏறத்தாழ 10 இலட்சம் படிகள் விற்றது. அன்று வானொலி இல்லை, தொலைக்காட்சி இல்லை. 'செய்தித்தாளில் வந்திருக்கிறது' என்னும் சொல்லே பலருக்குப் போதிய சான்றாக இருந்தது.

கிழித்தெறிந்த கடிதம்

1894ஆம் ஆண்டில், பாரிசு நகரிலிருந்த செருமானியத் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து ஒரு கடிதம் பிரெஞ்சு உளவுத்துறையின் கைக்கு வந்தது. கிழிக்கப்பட்டிருந்த அக்கடிதத்தின் துண்டுகளை அலுவலர்கள் ஒட்டிப் படித்தனர். பிரெஞ்சுப் படையின் மறைபொருள்களைச் செருமனிக்குத் தருவதாக அதில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவரின் பெயர் இல்லை.

ஐயம் ஆல்பிரட் டிரைஃபஸ் என்னும் பீரங்கிப்படை அலுவலர்மீது விழுந்தது. அவர் யூத சமயத்தைச் சேர்ந்தவர். யூதர்மீது வெறுப்புக் கொண்டோர் படையிலும் பத்திரிகைத் துறையிலும் பலர் இருந்தனர். கையெழுத்தை ஆராய்ந்தவர்களிடையே கருத்து ஒற்றுமை இல்லை. அவர்களுள் பெர்த்தியோன் என்பவர், கடிதத்தின் எழுத்து டிரைஃபசின் எழுத்திலிருந்து வேறுபடும் இடங்களையும் அவருக்கு எதிராகவே பயன்படுத்தினார். பிறரை ஏமாற்ற அவரே தம் கையெழுத்தை மாற்றி எழுதினார் என்றார். ஒத்திருந்தாலும் குற்றம்; வேறுபட்டாலும் குற்றம்! இத்தகைய வாதத்திலிருந்து எந்த மனிதர் தப்ப முடியும்?

1894 அக்டோபர் 15ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். யூத வெறுப்பைப் பரப்பி வந்த 'லா லிப்ர் பரோல்' என்னும் நாளிதழ், வழக்குத் தொடங்குவதற்கு முன்பே அவரைத் துரோகி என்று அறிவித்தது. வேறு பல இதழ்களும் அதனைப் பின்பற்றின. எவ்விதழும் சான்றை வெளியிடவில்லை; வெளியிட அவற்றிடம் சான்று இல்லை. படை நீதிமன்றத்தின் விசாரணை மூடிய கதவுகளுக்குப் பின்னே நடந்தது. டிரைஃபசுக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் காட்டப்படாத ஒரு கோப்பு நீதிபதிகளிடம் மறைவாக அளிக்கப்பட்டது. வாழ்நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

1895 சனவரி 5ஆம் நாள் படைப்பள்ளியின் முற்றத்தில் அவருடைய பதவிச் சின்னங்கள் பிய்த்தெறியப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. 'நான் குற்றமற்றவன்' என்று அவர் முழங்கினார். வெளியே திரண்டிருந்த கூட்டமோ அவரைத் தூற்றியது. அக்கூட்டத்தினர் கடிதத்தைக் கண்டவரல்லர், வழக்கைக் கேட்டவரல்லர். அவர்கள் அறிந்தவை பிறர் கூறியவையும் செய்தித்தாள்கள் எழுதியவையுமே. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்னும் பொய்ச்செய்தியும் அச்சேறியது. பின்னர் அவர் தென்னமெரிக்கக் கரையை ஒட்டிய 'பிசாசுத் தீவு' என்னும் தீவுக்கு அனுப்பப்பட்டார்.

படிப்பவர் கண்டுபிடித்த உண்மை

1896 நவம்பர் 10ஆம் நாள் 'லெ மத்தேன்' என்னும் நாளிதழ் அக்கடிதத்தின் உருப்படத்தை வெளியிட்டது. டிரைஃபஸ் குற்றவாளியே என்று காட்டுவதற்காக வெளியிடப்பட்ட படம் அது. ஆயினும் விளைவு வேறாயிற்று. அதுவரை 'சான்று உண்டு' என்று கேட்டுவந்த மக்கள், அன்றுதான் சான்றைக் கண்ணால் கண்டனர்.

டிரைஃபசின் அண்ணன் மத்தியூ அவ்வாய்ப்பை நழுவவிடவில்லை. கடிதத்தின் உருப்படத்தைப் படியெடுத்து மக்களிடையே பரப்பினார். 1897ஆம் ஆண்டில் வங்கித்தொழில் செய்துவந்த ஒருவர் அதனைக் கண்டார். அந்தக் கையெழுத்து அவருக்குப் பழக்கமானது. அவருடைய வாடிக்கையாளரான எசுத்தராசி என்னும் படை அலுவலரின் கையெழுத்து! உளவுத்துறைத் தலைவராயிருந்த பிக்கார் என்பவரும் இதே முடிவுக்கு முன்னரே வந்திருந்தார். ஆனால் அவருடைய மேலதிகாரிகள் அவரைத் தொலைவிலுள்ள தூனிசியாவுக்கு அனுப்பிவிட்டனர். அதிகாரிகள் மறைக்க முயன்ற உண்மையை, படத்தை உற்று நோக்கிய ஒரு சாதாரண மனிதர் வெளிப்படுத்தினார்.

ஒரு மடல், ஒரு வழக்கு

அக்காலத்தில் பிரான்சின் புகழ்பெற்ற புதின ஆசிரியர் எமிலி ஜோலா. அவர் 'லெ ஃபிகாரோ' இதழில் டிரைஃபசுக்காக எழுதத் தொடங்கினார். படிப்போர் பலர் சினந்து இதழை வாங்க மறுத்தனர். மூன்று கட்டுரைகளுடன் அவ்விதழ் அவருடைய எழுத்தை நிறுத்திக்கொண்டது. நாம் விரும்பாத உண்மையை எழுதும் இதழை நாமே தண்டிப்பதும் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1898 சனவரி 11ஆம் நாள் எசுத்தராசியைப் படை நீதிமன்றம் விடுவித்தது. இரண்டு நாள் கழித்து, சனவரி 13ஆம் நாள், 'லொரோர்' என்னும் புதிய நாளிதழின் முதற்பக்கத்தில் குடியரசுத் தலைவருக்கு ஜோலா எழுதிய திறந்த மடல் வெளிவந்தது. 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்பது அதன் தலைப்பு. தவறு செய்த படைத்தலைவர்களைப் பெயர் சுட்டி, ஒவ்வொருவர் செய்ததும் இன்னது என்று அவர் எழுதினார். 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின்படித் தம்மீது அவதூறு வழக்குத் தொடரலாம் என்பதையும் அம்மடலிலேயே அவர் குறிப்பிட்டார். அன்று அவ்விதழ் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றது.

ஜோலாவுக்கு ஓராண்டுச் சிறையும் 3,000 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. அவர் இங்கிலாந்துக்குச் செல்ல நேர்ந்தது. அதே மாதங்களில் பல நகரங்களில் யூதர்களின் கடைகள் தாக்கப்பட்டன. வெறுப்பை விதைத்த எழுத்து தெருவில் கல்லாக விழுந்தது.

விளக்கொளியில் வெளிப்பட்ட பொய்

1898 சூலை 7ஆம் நாள் போர்த்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஓர் ஆவணத்தைப் படித்தார். டிரைஃபசின் குற்றத்தை அது உறுதிப்படுத்துவதாகக் கூறினார். அவ்வுரையை நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் சுவரொட்டியாக ஒட்ட நாடாளுமன்றம் முடிவு செய்தது. அடுத்த மாதம் ஓர் அலுவலர் அந்த ஆவணத்தை விளக்கொளியில் வைத்துப் பார்த்தார். தாளிலிருந்த கோடுகள் ஒரே நிறத்தில் இல்லை. இரு வேறு தாள்களின் துண்டுகளை ஒட்டிச் செய்த போலி அது! அதனைச் செய்த அலுவலர் ஆன்ரி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அப்போதும் அவர் செயலை நாட்டுப்பற்று என்று புகழ்ந்த இதழாளர் இருந்தனர்.

1899ஆம் ஆண்டில் ரென் நகரில் மறுவிசாரணை நடந்தது. பெண்களே நடத்திய 'லா ஃபிரோந்து' என்னும் நாளிதழுக்காகச் செவெரின் என்னும் பெண் இதழாளர் அங்கிருந்து செய்தி எழுதினார். நீதிபதிகள் எழுவருள் ஐவர் மீண்டும் டிரைஃபசைக் குற்றவாளி என்றனர். அரசு அவருக்கு மன்னிப்பு அளித்தது. ஆனால் குற்றமற்றவருக்கு வேண்டுவது மன்னிப்பன்று, நீதி. 1906 சூலை 12ஆம் நாள் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பை நீக்கி, அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. ஜோலா 1902ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

தமிழ்நாட்டிலும் இவ்வரலாறு போற்றப்பட்டது. பேரறிஞர் அண்ணா, 'ஏழை பங்காளர் எமிலி ஜோலா' என்னும் நூலை எழுதினார்.

நாம் கற்பது யாது?

டிரைஃபசுக்குத் தீங்கு செய்ததும் அச்செழுத்து. துணை நின்றதும் அச்செழுத்து. அவ்வாறாயின் வேறுபாடு எங்கே உள்ளது? முதலில் எழுதிய இதழ்கள் 'நம்புங்கள்' என்றன. கடிதத்தின் படமோ 'பாருங்கள்' என்றது. சான்றைக் காட்டாத செய்தி நம்மைக் கூட்டமாக்குகிறது. சான்றைக் காட்டும் செய்தி நம்மை நடுவராக்குகிறது.

இன்று செய்தி நம் கைப்பேசிக்கே வருகிறது. ஊரிலுள்ள உறவினர் அனுப்பும் செய்தியை, தொலைவில் வாழும் நாம் நேரில் சென்று பார்க்க இயலாது. ஆகவே பிறருக்கு அனுப்புமுன் சற்று நிற்க வேண்டும். கூறியவர் யார்? சான்று யாது? குற்றம் சாட்டப்பட்டவரின் மறுமொழி எங்கே? இம்மூன்று வினாக்களுக்கும் விடையில்லாத செய்தியை அனுப்பாதிருப்பதே நன்று.

அக்காலத்தில் டிரைஃபசுக்கு எதிராக எழுதிய இதழ்களுள் 'லா குருவா' என்பதும் ஒன்று. 1998ஆம் ஆண்டில், ஜோலாவின் மடல் வெளிவந்த நூறாவது ஆண்டில், அவ்விதழ் தன் பழைய எழுத்துகளுக்காக வருத்தம் தெரிவித்தது. அச்செழுத்தை அழிக்க இயலாது; ஆனால் தவற்றை ஒப்புக்கொள்ள இயலும். நூறாண்டு கழித்தேனும் அதைச் செய்வது நேர்மையே.

சொல்லும் பொருளும்

மறைபொருள் – வெளியிடக்கூடாத செய்தி
ஐயம் – சந்தேகம்
தூற்றுதல் – பழித்துரைத்தல்
உருப்படம் – மூலத்தை உள்ளவாறே காட்டும் படம்
புதினம் – நாவல்
தண்டம் – அபராதம்
அவதூறு – ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் கூற்று
நடுவர் – நடுநிலையில் நின்று முடிவு கூறுபவர்

மொழிப் பயிற்சி: செய்வினையும் செயப்பாட்டுவினையும்

'டிரைஃபஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கூறப்படுகிறது.' இத்தொடரில் கூறியவர் யார் என்பது தெரியவில்லை. செயப்பாட்டுவினைத் தொடரில் எழுவாயாக நிற்பது செயப்படுபொருள். செய்தவரைக் குறிக்காமலே தொடரை முடித்துவிடலாம். செய்தியைப் படிக்கும்போது 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது' போன்ற சொற்களைக் கண்டால் 'யாரால்?' என்று கேட்டுப் பழகுக.

எடுத்துக்காட்டைப் போல மாற்றி எழுதுக.
எ.கா.: கடிதத்தின் படம் 'லெ மத்தேன்' இதழால் வெளியிடப்பட்டது. – 'லெ மத்தேன்' இதழ் கடிதத்தின் படத்தை வெளியிட்டது.
1. எசுத்தராசி படை நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்.
2. திறந்த மடல் எமிலி ஜோலாவால் எழுதப்பட்டது.
3. போலி ஆவணம் ஆன்ரியால் செய்யப்பட்டது.

மதிப்பீடு

குறுவினா
1. செய்தித்தாள் எளிய மக்களைச் சென்றடையக் காரணமானவை யாவை?
2. 'லெ ஃபிகாரோ' இதழ் ஜோலாவின் கட்டுரைகளை நிறுத்தியது ஏன்?
3. ஆவணம் போலி என்பது எவ்வாறு வெளிப்பட்டது?

நெடுவினா
'சான்றைக் காட்டும் செய்தி நம்மை நடுவராக்குகிறது' – இக்கூற்றைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

சிந்தனை வினா
தம் இதழின் வாசகர்கள் விரும்பாத உண்மை ஒன்று கிடைத்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் ஆசிரியராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

செயல்பாடு
உங்கள் வீட்டாரின் கைப்பேசிக்கு இவ்வாரம் வந்த ஒரு செய்தியைத் தேர்ந்தெடுங்கள். பாடத்திலுள்ள மூன்று வினாக்களையும் எழுப்பி, விடைகளைப் பெற்றோருடன் கலந்துரையாடிப் பத்து வரிகளில் எழுதுங்கள்.